தொழிற்களத்துப் பேரொலியும் செவிப்புலனும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணுக்கு இமை உண்டு, வாய்க்கு இதழ் உண்டு, காதுக்கோ கதவில்லை. உறங்கும் பொழுதும் அது திறந்தே கிடக்கும். ஆலையிலும் உலைக்களத்திலும் கடலிலும் உழைத்து வாழும் மக்களுக்கு இவ்வியல்பு வாழ்நாள் முழுதும் தொடரும் ஓர் ஊறாக முடிந்திருக்கின்றது. வள்ளுவர் 'கேள்வி' எனத் தனி அதிகாரம் வகுத்துச் செவியால் வரும் செல்வத்தைப் போற்றினார். அச்செல்வத்தை உழைப்பாளன் தன் கூலியோடு சேர்த்து எவ்வாறு இழந்து வந்தான், உலகம் அதனை எப்பொழுது கண்டது, கண்ட பின்னும் எவ்வளவு காலம் காணாதது போல் இருந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சி வெனிசு நகரில் தொடங்கி முள்ளிவாய்க்காலில் முடியும். இவ்விரண்டு ஊர்களுக்கும் யாது தொடர்பு என வினவுவோர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகின்றேன்.

தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் செய்த முதற் பெருமகன் பேர்னாடினோ ரமச்சினி என்பார். 1633 ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் கார்ப்பி என்னும் ஊரிற் பிறந்து, மொடேனாவிலும் பின்னர்ப் பாதுவாவிலும் மருத்துவப் பேராசிரியராய் விளங்கியவர். அவர் இத்துறையிற் புகுந்த கதை சுவையானது. மொடேனாவில் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவன், அளவு கடந்த விரைவோடு வேலை செய்வதை அவர் கண்டார். இத்துணை விரைவு ஏன் என வினவியபோது, நெடுநேரம் உள்ளே நின்றால் கண்பார்வை கெடும் என அவன் விடை பகர்ந்தான். கற்ற மருத்துவருக்குக் கல்லாதவன் கற்பித்த பாடம் அது. அன்று முதல் அவர் பட்டறைகளையும் சுரங்கத் தொழிலாளரையும் தேடிச் சென்று கண்டு எழுதிய இலத்தீன் நூல் 1700 இல் வெளிவந்தது. விரிந்த இரண்டாம் பதிப்பு 1713 இல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான வினாக்களோடு, 'நீ என்ன தொழில் செய்கின்றாய்?' என்பதனையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என வற்புறுத்தியவர் அவரே. நம் மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் அவ்வினாவை எத்தனை பேர் கேட்கப் பெற்றிருக்கின்றனர் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

வெனிசு நகரிற் செம்பு வேலை செய்வோர் ஒரே பகுதியிற் கூடி வாழ்ந்தனர். விடியல் தொட்டு மாலை வரை அங்கே சம்மட்டி ஓசை ஓய்வதில்லை. அத்தொழிலாளரின் செவி மெல்ல மெல்ல மந்தமாகி, முதுமையில் அவர்கள் முற்றும் செவிடராகின்றனர் என ரமச்சினி எழுதி வைத்தார். யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டி என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இக்குறிப்பு நினைவுக்கு வரும். கன்னாரும் கொல்லரும் நம்மிடையேயும் தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி பிடித்தவர்களே. அவர்கள் உரத்துப் பேசுவதை நம்மூரார் அவர்தம் இயல்பென்று கொண்டனரேயன்றி, அது தொழில் தந்த வடு என எண்ணினாரல்லர்.

நீராவி யுகம் வந்ததும் கைச்சம்மட்டியின் ஓசை சிறிதாயிற்று. பெரிய நீராவிக் கொதிகலன்களை இணைக்கும்பொழுது ஒருவன் கலத்தின் உள்ளே குந்தியிருந்து ஆணியைத் தாங்கிப் பிடிப்பான். வெளியே நிற்போர் அதன் தலையை அடிப்பர். மணிக்குள்ளே மனிதனை இருத்தி வெளியே அடிப்பது போன்றதே அது. கிளாஸ்கோ நகரத்துச் செவி மருத்துவர் தோமஸ் பார் 1886 இல் இவர்களை முறையாக ஆராய்ந்தார். கொதிகலன் செய்வோர் நூற்றுவர், இரும்பு வார்ப்போர் நூற்றுவர், தபாற்காரர் நூற்றுவர் எனப் பிரித்து, ஒரு கடிகாரத்தின் 'டிக் டிக்' ஒலியை எத்துணைத் தூரத்தில் அவர் கேட்கின்றனர் என அளந்தார். கருவி எளியது, முடிபோ திடுக்கிடச் செய்வது. கொதிகலன் செய்த நூற்றுவருள் ஒருவருக்கேனும் குறைவற்ற செவிப்புலன் இருக்கவில்லை.

இவ்வளவு தெளிவான சான்று கிடைத்த பின்னர் சட்டம் உடனே விழித்திருக்கும் என நாம் எண்ணலாம். அவ்வாறு நிகழவில்லை. தொழிலால் வரும் செவிட்டுத் தன்மையை நட்டஈட்டுக்குரிய நோயாகப் பிரித்தானிய அரசு ஏற்றுக்கொண்டது 1974 இல். தோமஸ் பார் அளந்த நாளிலிருந்து அதற்கு 88 ஆண்டுகள் சென்றன. மூன்று தலைமுறைக் கொதிகலன் தொழிலாளர் அதற்கிடையே செவிடராகிச் செத்தொழிந்தனர்.

இத்தாமதத்துக்குக் காரணம் யாது? முதலாளிமாரின் கல்நெஞ்சம் என ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. அது முழு உண்மை அன்று என்பது எனது துணிபு. விரல் அறுந்தால் இரத்தம் வரும். அறுந்த நாளும் நேரமும் தெரியும். சாட்சி சொல்ல ஆள் உண்டு. செவி கெடும்போது இரத்தமும் இல்லை, நோவும் இல்லை. எந்த நாள், எந்த அடி என எவராலும் சுட்ட இயலாது. அன்றியும் தொழிலாளர் தாமே அதனைத் தம் கைத்திறத்தின் அடையாளமாகக் கருதினர். இலங்காசயர் நெசவாலைப் பெண்கள் தறிகளின் பேரிரைச்சலிடையே உதட்டசைவு கொண்டே உரையாடும் ஒரு வழக்கை வளர்த்து, அதில் வல்லவராயும் இருந்தனர். குறையைக் கலையாக மாற்றிக்கொண்ட அவர்தம் திறம் வியக்கத்தக்கதே. ஆயின் அத்திறமே குறையை மறைத்தும் விட்டது.

ஈண்டுச் செவியின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். செவிப்பறைக்கு அப்பால், நத்தை ஓட்டை ஒத்த சுருளினுள்ளே நுண்ணிய மயிர் பொருந்திய உயிரணுக்கள் உள்ளன. ஒலி அலைகளை நரம்புக் குறிப்புகளாக மாற்றுவன அவையே. பேரொலியால் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒலியின் வலிமையை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். தொலைபேசி கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்த அலகு இது. பத்து டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். ஆகவே 80 க்கும் 90 க்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் என்பதே இன்று பல நாடுகளிற் கொள்ளப்படும் எல்லை. கை எட்டும் தூரத்தில் நிற்பவனோடு பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருப்பின் அவ்வெல்லையை அடைந்துவிட்டோம் எனக் கொள்ளலாம். அமெரிக்க நாட்டுத் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி, மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் நிற்கத் தக்க நேரம் பாதியாகக் குறையும். அதாவது, 88 இல் நான்கு மணி, 91 இல் இரண்டு மணி.

பேரொலி முதலிற் கெடுப்பது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் ஆற்றலை. செக்கனுக்கு 4000 அதிர்வு அளவிலுள்ள ஒலிகளே முதலில் மங்கும். நம் மொழியின் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியின. ச, த, ப போன்ற மெய்களை வேறுபடுத்தும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியின. ஆகவே செவி மந்தமானவனுக்கு நாம் பேசுவது கேட்கும், விளங்காது. உயிர் நிற்க மெய் போய்விடுகின்றது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதனைவிடச் சோகமான உவமை கிடைப்பது அரிது.

இனிக் கீழை நாட்டு நிலையைக் காண்போம். இந்தியாவின் முதலாவது தொழிற்சாலைச் சட்டம் 1881 இல் நிறைவேறியது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஆலைகளுக்கே அது பொருந்தியது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைத்தல் ஆகாது என்றது. ஆபத்தான பொறிகளுக்கு வேலி இட வேண்டும் என்றது. கைக்கும் காலுக்கும் வேலி கிடைத்தது, காதுக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்திலேயே சென்னைப் பெரம்பூரிற் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. 1918 ஏப்பிரிலில் அவ்வாலைத் தொழிலாளரை முன்னிட்டுச் சென்னைத் தொழிற் சங்கம் தோன்றியபோது, பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அவர்தம் குரலாயினர். வேலை நேரம், கூலி, நண்பகல் உணவுக்கான இடைவேளை, மேலாளரின் அடாத நடத்தை ஆகியனவே அன்றைய பெருங் குறைகள். உண்பதற்கே நேரம் இல்லாதவன் தறியின் இரைச்சலைக் குறைகூறப் புகுவானோ? வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1923 இல் வந்தது. பேரொலியால் வரும் செவிப்புலக் குறைவு இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்களுள் இடம்பெற்றதோ 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே. உலகத் தொழில் நிறுவனம் 1977 இல், வளி மாசு, இரைச்சல், அதிர்வு ஆகிய மூன்றையும் பற்றி 148 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமுடையது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கமுடையது. இவை வந்த காலத்து வட மாகாணத்திற் பெருந் தொழிற்சாலை என்று சுட்டத் தக்கது எதுவுமில்லை. சுதந்திரத்தின் பின்னர்க் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலையும், ஆனையிறவு உப்பை ஆதாரமாகக் கொண்டு பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் எழுந்தன. சுண்ணக்கல் அகழ்வும், அதனை உடைத்து அரைக்கும் பொறிகளும் எத்தகைய ஓசை தருவன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பரந்தனிலோ ஓசையை விடக் குளோரின் வாயுவே அஞ்சத் தக்கதாயிருந்தது. போர் இரண்டையும் ஓயச் செய்தது.

வன்னியின் பேரொலி ஆலையில் மட்டும் பிறந்ததன்று. உழவு இயந்திரமும் நெல் ஆலையும் சூடடிக்கும் இயந்திரமும் வயலுக்குள் வந்தபோது ஆலையே வயலுக்கு வந்தது. ஆலைக்குரிய பரிசோதகர் உடன் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்து நெல் ஆலை ஒன்றிலே நான் கண்ட நிகழ்ச்சியை இங்கு குறிப்பிடுதல் தகும். பெல்ற்றுக்கு மூடி இல்லை. சாக்கைச் சரிசெய்யக் குனிந்த இளைஞன் ஒருவனுடைய சேர்ட்டுக் கை அதில் அகப்பட்டது. அவன் அலறினான், அருகில் நின்ற நாங்களும் கத்தினோம். பத்தடிக்கு அப்பால் இயந்திரத்தை இயக்கிய முதியவர் எங்களுக்கு முதுகு காட்டியபடியே நின்றார். ஒருவர் ஓடிச் சென்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிய பின்னரே இயந்திரம் நின்றது. அதற்குள் அவ்விளைஞனின் முன்கை முறிந்து தோலும் உரிந்துவிட்டது. பின்னர் அந்த முதியவர் நிலத்தில் அமர்ந்து, 'தம்பி, எனக்குக் கேக்கேல்லை. சத்தியமாக் கேக்கேல்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டுகள் அதே இயந்திரத்தின் அருகில் நின்றவர் அவர். இளைஞனின் கைக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது. முதியவரின் காதைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த விபத்தில் ஊறுபட்டோர் இருவர் என்பதை நானே மிகப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

பேரொலிக்கும் விபத்துக்கும் உள்ள உறவு இத்தகையது. ஒலி செவியைக் கெடுப்பது ஒன்று; எச்சரிக்கை ஒலியை மூடிவிடுவது மற்றொன்று; மனத்தைக் களைப்படையச் செய்து கவனத்தைக் குலைப்பது பிறிதொன்று. ஒரு காது மட்டும் கெட்டவனுக்கு வேறோர் இடர் உண்டு. ஓசை எத்திசையிலிருந்து வருகின்றது என அறிவதற்கு இரு காதுகளும் வேண்டும். திசை தெரியாதவன் ஆபத்தை விட்டு விலகுவதாக எண்ணி ஆபத்தை நோக்கியே அடி வைத்தலும் கூடும்.

முல்லைத்தீவுக் கரையோரத்து மீனவர் நிலையும் இதனோடு ஒத்ததே. பாயும் சவளும் கொண்டு தொழில் செய்த காலத்தில், நீரின் சலசலப்பைக் கொண்டே மீன் திரளை உணர்ந்த முதியோர் இருந்தனர் என்பர். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளத்தில் ஓட்டி அவ்வியந்திரத்தின் கைபிடியைப் பற்றியபடியே மணிக்கணக்காக அமர்ந்திருக்கின்றான். என் வகுப்பு மாணாக்கரின் தந்தையர் சிலரோடு உரையாடும்போது அவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பதைப் பன்முறை கவனித்திருக்கின்றேன். சாய்க்கும் பக்கம் இயந்திரத்துக்கு எதிர்ப் பக்கமாகவே இருக்கும்.

இவையெல்லாம் அமைதிக் காலத்து ஓசைகள். முள்ளிவாய்க்கால் என்னும் பெயரை எழுதிவிட்டு 2009 ஆம் ஆண்டைக் குறிப்பிடாமற் செல்ல எவனாலும் இயலாது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்திலே, அவ்வாண்டு மே மாதத்திற் போர் முடிவடைந்தது. அங்கும் தொழில் செய்தோர் இருந்தனர். தற்காலிக மருத்துவமனையிலே மருத்துவரும் தாதியரும் தொண்டரும் மருந்தின்றிப் பணிபுரிந்தனர். அம்மருத்துவமனை எறிகணை வீச்சுக்கு இலக்காகியது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பணியாளர் ஒருவரும் அம்மாதம் உயிரிழந்தார். வேலைத்தலம் என்னும் சொல்லுக்கு வரலாற்றில் இதனிலும் கொடிய பொருள் அமைந்த இடங்கள் சிலவே. ஏறத்தாழ 35 கிலோபாஸ்கல் அமுக்கம் தாக்கினாற் செவிப்பறை கிழியத் தொடங்கும் என மருத்துவ நூல்கள் கூறும். அந்நிலத்தில் நின்றோருக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. மீண்டு வந்த பிள்ளைகள் பாடசாலையில் அமர்ந்தபோது, கூப்பிட்டதும் திரும்பாத பிள்ளையைக் கவனமற்ற பிள்ளை என்று நானும் கடிந்ததுண்டு. அது என் அறியாமை. பின்னர் அத்தகையோரை முன் வாங்கிற்கு மாற்றினேன்.

போர் முடிந்த பின் வன்னியில் எழுந்த புதிய தொழில் மிதிவெடி அகற்றல். ஓசைக்கும் ஊறுக்கும் உள்ள உறவை இத்தொழிலைப் போல் நுட்பமாகக் காட்டுவது வேறில்லை. ஹலோ டிரஸ்ட் 2002 முதலே இலங்கையிற் பணியாற்றி வந்தது. மாக் நிறுவனமும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களும், இராணுவத்தின் பிரிவும் இப்பணியில் ஈடுபட்டன. 2010 இல் தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம் நிறுவப்பட்டது. 2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடித் தடைச் சமவாயத்திற் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நாட்டைக் கட்டுப்படுத்தியது. களத்தில் இறங்கியோருட் பெண்கள் பலர். அவருட் குடும்பத்தின் முழுச் சுமையையும் தாமே தாங்குவோர் பலர்.

ஆலையில் ஓசை பகை. இங்கோ ஓசையே வழிகாட்டி. பணியாளர் உலோகங்காண் கருவியை நிலத்தின்மேல் மெல்ல அசைப்பர். அது எழுப்பும் ஒலியின் உயர்வு தாழ்வைக் கேட்டே மண்ணுள் இருப்பதை ஊகிப்பர். காலையில் வேலை தொடங்குமுன் சிறு உலோகத் துண்டொன்றின்மேற் கருவியைப் பிடித்து அது சரிவர ஒலிக்கின்றதா எனச் சோதிப்பர். பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி4 என்னும் மிதிவெடி பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆயது. அதன் வெடிமருந்து ஏறத்தாழ 30 கிராம் மட்டுமே. உலோகம் மிகச் சிறிது. ஆகவே கருவி தரும் ஒலியும் மெல்லியது. அந்த மெல்லொலியைத் தவற விடாத செவி வேண்டும்.

ஆயின் போர் நடந்த நிலம் எத்தகையது? சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் கம்பித் துண்டுகளும் மண்ணோடு மண்ணாய்க் கலந்து கிடப்பது. அத்தகைய நிலத்திற் கருவி ஓயாது கூவும். எல்லா இடத்திலும் ஒலித்தால் எவ்விடத்தில் ஆபத்து என அறிவது எங்ஙனம்? ஓசை மிகுந்து அறிவு குறையும் நிலை இது. வெனிசுப் பட்டறையிலும் எங்களூர் நெல் ஆலையிலும் கண்ட அதே நிலையின் மறுவடிவம். இதற்கு இலங்கை மண்ணிலேயே ஒரு வழி வளர்ந்தது. கருவியை ஒதுக்கி வைத்து, நீண்ட கைபிடி கொண்ட வாரிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி, வெடியைப் பக்கவாட்டில் வெளிப்படுத்தும் முறை 2000 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் களங்களில் வழக்குக்கு வந்தது. பின்னர் வன்னிக்கும் பரவியது. தோட்டத்தில் சருகு கூட்டும் வாரிக்கு உறவான கருவி உலகின் மிக நுட்பமான மின்கருவியின் இடத்தைப் பெற்றது வியப்பே. நீண்ட கைபிடியால் உடல் வெடியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் என்பதும் ஒரு நன்மை.

பாதுகாப்புக் கவசங்களுக்கென அனைத்துலக நியமம் ஒன்று உண்டு. 240 கிராம் வெடிமருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வெடிப்பதைக் கணக்கிற் கொண்டு முற்கவசமும், ஐந்து மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறையாத முகக்கவசமும் வகுக்கப்பட்டுள்ளன. மார்புக்கும் முகத்துக்கும் காப்பு அமைந்தது. காதின் நிலை சிக்கலானது. அடைத்தால் கருவியின் மெல்லொலியும் மேற்பார்வையாளரின் விசிலும் கேளா. திறந்து வைத்தால் வெடிப்பின் பேரொலிக்கு முன் செவி நிராயுதபாணியாக நிற்கும். 1881 இல் விடுபட்ட காது ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர் எழுந்த இத்தொழிலிலும் இடர்ப்பட்டே நிற்கின்றது. இங்கு விடுபட்டதற்குக் காரணம் அலட்சியம் அன்று. தொழிலின் இயல்பே அவ்வாறு அமைந்துவிட்டது. இவ்வேறுபாட்டை வரலாற்று மாணவன் மறத்தலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கு ஒரு தாய் களத்திலிருந்து நேரே வந்திருந்தார். வெயிலில் முகக்கவசம் அணிந்து வேலை செய்ததன் தடம் நெற்றியில் இருந்தது. மகளின் புள்ளிகளை நான் வாசித்தபோது நாற்காலியைச் சற்றுத் திருப்பி வலக் காதை என் பக்கமாக வைத்துக்கொண்டார். இடக் காது களத்திற் கெட்டதா என வினவினேன். 'இல்லை சேர், அது இரண்டாயிரத்து ஒன்பதிலை' என்றார். பின்னர், வேலைக்குச் சேரும்போது செவிப் பரிசோதனைக்கு மிகவும் பயந்ததாகவும், மெசினின் சத்தத்துக்கு வலக் காது போதும் எனத் தேறியதாகவும் சொன்னார். மகளுக்குக் கணிதத்தில் 71 புள்ளி. அதனை இருமுறை வாசிக்கச் சொன்னார். நான் சற்று உரக்க வாசித்தேன்.